இளநீர் ஊற்றிய பிள்ளை

மிக்கேலம்மாளின் தலைப்பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இரண்டடி மண் கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம் இளநீர். பிறந்து ஒரு மணி நேரம் மட்டும் மூச்சுவிட்ட பிள்ளை. ஆஸ்பத்திரிக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத ஒரு மே மாத மத்தியானம். பெற்றவளே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தனக்குக் குடிக்க வாங்கி வைத்திருந்த இளநீரைப் பிள்ளையின் தலையில் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே என்று ஒரு சொல் பிசகாமல் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்தாள். சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது கோயிலே சொல்லிக்கொடுத்த விதி. தண்ணீரால்தான் கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதி. அப்போது பங்குச் சாமியாராக இருந்த வெனான்சியுஸ் சாமி, என்ன தண்ணிம்மா ஊத்துன என்று கேட்டார். இளநீர் சாமி என்று இவள் உள்ளதைச் சொன்னாள். அவ்வளவுதான், செல்லாது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை. சுவருக்கு வெளியே உடைமரத்தடியில் குழி தோண்டினார்கள். இது நடந்து இருபத்து மூன்று வருஷம் ஆயிற்று. நடந்தபோது பிறந்திருக்கவே இல்லாத ஜெனிட்டா, ஏதோ இன்று காலையில் நடந்தது போலப் பல்லைக் கடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்த கையோடு, சாமியார் பங்களா வராந்தாவில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சாமி சாப்பிடுதாவ, செத்த இருங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போன கோயில்பிள்ளை தொம்மை மாமா, கோயில் மணியடிப்பதிலிருந்து சாமியாருக்கு இட்லி எடுத்து வைப்பது வரை எல்லாம் அவர்தான், போய் இருபது நிமிஷம் ஆகிறது. ஒரு மனுஷன் இட்லி தின்ன இருபது நிமிஷமா. உள்ளே இருந்து சின்ன வெங்காயச் சாம்பார் வாசம் வந்தது, டம்ளரை வைக்கிற சத்தம் வந்தது, யாரோ ஃபோனில் சிரிக்கிற சத்தம் வந்தது, சாமி மட்டும் வரவில்லை. அம்மா மடியில் நாட்டு வாழைப்பழச் சீப்பு, பிளாஸ்டிக் பையில். பழத்தைப் பார்க்கப் பார்க்க ஜெனிட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியாயம் கேட்க வந்திருக்கிறோம், கையில் என்னத்துக்குப் பழம், கேட்டால் வெறுங்கையோடயா வர என்கிறாள், நம்மைத்தானே எம்மா வெறுங்கையோட அனுப்புனாங்க என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டாள், ஏனென்றால் வழி நெடுகச் சத்தியம் வாங்கியிருந்தாள் அம்மா. நீ வாயத் தொறக்கப்படாது கேட்டியா. நான் பேசுதேன். நீ பேசுனா அது மேடைப்பேச்சாப் போயிரும், சாமி கோவப்பட்டாவன்னா உள்ளதும் போச்சி. உள்ளது என்ன இருக்கிறது போவதற்கு. ஒரு மரம், அதன் அடியில் ஒரு மேடு, அந்த மேடும் மழையில் கரைந்து இப்போது மேடு என்று அம்மா சொன்னால்தான் மேடு. நாளைக்குக் காலை அதுவும் இருக்காது. பழைய சுவரை இடித்துப் புதுச் சுவர் எழுப்புகிறார்கள், கயிறு கட்டியாகிவிட்டது, காலையில் கொத்தனார் வந்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறார், கயிற்றுக்கு வெளியே கிடக்கிற எட்டடி மண்ணைப் பஞ்சாயத்து ரோட்டுக்கு விட்டுக்கொடுக்கக் கோயில் கூட்டத்தில் தீர்மானம் போட்டுக் கையெழுத்தும் ஆகிவிட்டது. ரோடு என்றால் ஜல்லி, ரோடு என்றால் தார், ரோடு ரோலர். அதற்கு மேல் ஜெனிட்டாவால் நினைக்க முடியவில்லை. நினைப்பு ரோலர் வரைக்கும் போய், திரும்பி, சாம்பார் வாசத்துக்கு வந்து நின்றது. கயிற்றை எட்டடி தள்ளிக் கட்டினால் போதும். எட்டே அடி. ஒரு ஆள் படுத்தால் ஐந்தரை.

எதிர்ச் சுவரில் பூசை நேரம் எழுதிய பலகை. அதில் தூய ஆவி என்று இருந்தது. அம்மாவைப் பெற்றவர்கள் காலத்தில் இஸ்பிரீத்து சாந்து, அம்மா இளநீர் ஊற்றியபோது பரிசுத்த ஆவி, இப்போது தூய ஆவி. மூன்று தலைமுறைக்குள் கடவுளின் பெயரையே இரண்டு தரம் மாற்றியிருக்கிறார்கள், ஒருத்தரும் வானம் இடிந்து விழும் என்று சொல்லவில்லை, பெயர் மாற்றுகிறோம், மாற்றுவதற்கு முன்னால் செபித்தவர்கள் தயவு செய்து மன்னிக்கவும் என்று ஒரு அறிவிப்பும் இல்லை. அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விடுவது. அதுதான் அவளுக்கு ஆத்திரம். மாறக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறவனோடு சண்டை போடலாம். மாறிவிட்டு மாறவே இல்லை என்கிறவனோடு எப்படிப் போடுவது. முன்னெல்லாம் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கக்கூடாது, இப்போது ஒரு மணி நேரம் போதும். முன்னே பிணத்தை எரித்தால் பாவம், இப்போது பரவாயில்லை. அப்படியென்றால் விடியற்காலை தாகம் தாங்காமல் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, பூசை முழுக்கக் கடைசி பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தானே ஒருத்தன், அவன் குறுகினது எந்தக் கணக்கில் சேரும். போன வருஷம் பல்கலைக்கழகப் பேச்சுப் போட்டியில் இதே தலைப்பு, சமயச் சட்டங்கள் காலத்திற்கேற்ப மாற வேண்டுமா, ஆறு நிமிஷம், மாற வேண்டும் என்று பேசிக் கோப்பை வாங்கினாள். எதிர்த்துப் பேசின வேதியியல் துறைக்காரி ஒன்று சொன்னாள்: மாறிக்கிட்டே இருந்தா அது சட்டம் இல்லை, சௌகரியம். கைதட்டல் அவளுக்குத்தான் அதிகம். கோப்பை கிடைத்தும் அந்த ஒரு வரி மீன் முள் மாதிரித் தொண்டையில் நின்றுவிட்டது, இன்றைக்கும் எச்சில் விழுங்கினால் குத்துகிறது. ஆறு நிமிஷத்தில் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை அவள். அண்ணன். ஒரு மணி நேரம் இருந்தவனை அண்ணன் என்று சொல்வது வாய்க்குள் ஒரு மாதிரியாக இருந்தது. அவன் இருந்திருந்தால் இந்நேரம் இருபத்து மூன்று வயசு, மீசை வைத்துக்கொண்டு, ஏட்டி வாய மூடு, பெரிய வக்கீலு என்று அதட்டிக்கொண்டு திரிவான். அவனோடும் சண்டைதான் போட்டிருப்பாள்.

என்னட்டி முனங்குத, என்றாள் அம்மா. ஒண்ணுமில்லம்மா. ஒண்ணுமில்லாமலா உதடு அசையுது, செபமாலை சொல்லுதியோ. ஆமா, அது ஒண்ணுதான் கொறச்சல். அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். இந்தச் சிரிப்புத்தான் ஜெனிட்டாவைக் கொல்வது. கல்லறைத் திருநாளைக்கும் இப்படித்தான். நவம்பர் இரண்டாம் தேதி ஊர் முழுக்க உள்ளே, கல்லறைக்குக் கல்லறை பூ, மெழுகுதிரி, பத்தி; சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார்; இவர்கள் இரண்டு பேர் மட்டும் சுவருக்கு வெளியே, உடைமுள் காலில் குத்த, ஒற்றை மெழுகுதிரியோடு. ஆறு வயசில் கேட்டாள், எம்மா நம்ம மட்டும் ஏன் வெளிய நிக்கோம். உள்ள கூட்டமா இருக்குல்லா என்றாள் அம்மா. கூட்டம்! ஒரு வருஷம் சாமியார் கை வீச்சில் தெளித்த தீர்த்தம் சுவரைத் தாண்டி வந்து அம்மாவின் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அம்மா அதைத் துடைக்கவில்லை. குனிந்து அந்தக் கையை மண்ணில் வைத்து அழுத்தினாள். ஜெனிட்டா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, பதினான்கு வயசு, அன்றைக்கு ஆரம்பித்தது இந்த எரிச்சல். அதற்கப்புறம் கோயிலில் முழந்தாளிடும்போதெல்லாம் உள்ளங்கால் முள் குத்தின இடத்தில் நமநமவென்று இருக்கும்.

வெனான்சியுஸ் சாமி கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். இல்லையே. வெயிலில் குடை பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்தவராம், அம்மாவின் தலையில் கை வைத்து அழுதவராம். அழுதுகொண்டே சொன்னாராம்: பாலு, இளநி, பழச்சாறு இதெல்லாம் பானம்மா, தண்ணியில சேராது, நான் என்ன செய்ய, விதி என் கையில இல்லையே. கண்ணைத் துடைத்துக்கொண்டு விதியைப் படிக்கிற ஆளை என்ன செய்வது, அறையவும் முடியாது. அப்பா வேறு. பக்கத்தில் நின்று அம்மாவின் தோளை இடித்தாராம், தண்ணின்னு சொல்லு, தண்ணின்னு சொல்லு என்று. அம்மா சொல்லவில்லை. அந்த இடி இருபத்து மூன்று வருஷமாக நிற்கவில்லை, குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வருஷத்துக்கு நாலு தரம், அன்னிக்கு ஒரு வார்த்த தண்ணின்னு சொல்லிருந்தா எம் பிள்ள உள்ள இருப்பான். சொல்லாதது அம்மாவின் குற்றம். கேட்டவர் குற்றமில்லை, விதி எழுதினவன் குற்றமில்லை, குழாயில் தண்ணீர் விடாத ஆஸ்பத்திரி குற்றமில்லை. உண்மை சொன்னவள் குற்றவாளி. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார்கள், ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைகள் மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, நடுவில் லிம்போ என்று ஒரு இடம், அங்கே துன்பமும் இல்லை, தேவ தரிசனமும் இல்லை. அங்க ஃபேன் இருக்குமா சிஸ்டர் என்று கேட்டு வெளியே நின்றாள் ஜெனிட்டா. நிஜமாகத்தான் கேட்டாள். இப்போது சித்தி மகனின் மறைக்கல்விப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் அந்த இடத்தையே காணோம். எடுத்துவிட்டார்கள். அங்கே இருந்த பிள்ளைகளை எல்லாம் எந்த பஸ்ஸில் ஏற்றி எங்கே இறக்கினார்கள், பெற்றவர்களுக்கு ஒரு கடுதாசி போட்டார்களா?

இதையெல்லாம் விடப் பெரிய அயோக்கியத்தனத்தை அவள் கண்டுபிடித்து மூன்று வாரம்தான் ஆகிறது. பல்கலைக்கழக நூலகத்தில், ஒருவரும் தொடாத அலமாரியில், திருச்சபைச் சட்டத் தொகுப்பு. தூசி தட்டி, நின்றபடியே படித்தாள். பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து, அதற்குள் பிள்ளை இறந்துபோனால், ஆயர் அனுமதித்தால், கோயில் முறைப்படியே அடக்கம் செய்யலாம். எண்பத்து மூன்றாம் வருஷத்துச் சட்டம். எண்பத்து மூன்று! இளநீர் ஊற்றியது தொண்ணூற்று ஆறில். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே சட்டம் மாறியிருக்கிறது, சாமியார் மாறவில்லை, அல்லது அவரிடம் இருந்தது பழைய புத்தகம், அல்லது ஆயருக்கு ஒரு கடிதம் எழுதச் சோம்பல். அழுகிறதுக்கு நேரம் இருந்தது, எழுதுகிறதுக்கு இல்லை. பெற்றோர் எண்ணியிருந்தார்கள் என்பதற்கு இளநீரை விட வேறு என்ன சாட்சி வேண்டும்? அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, நாலாக மடித்து, இப்போது கைப்பைக்குள் வைத்திருந்தாள். ஹாஸ்டலிலிருந்து ஃபோன் போட்டு அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னாள். அப்பம் அன்னிக்கே உள்ள எடுத்திருக்கலாமோ என்று மட்டும் கேட்டாள் அம்மா. ஆமாம்மா என்றாள் ஜெனிட்டா, வாதத்தில் ஜெயித்த குரலில். ஃபோனை வைத்தபிறகுதான் உறைத்தது, தான் எதைக் கையில் கொடுத்திருக்கிறோம் என்று. விதி அப்படி, வழி இல்லை என்று நம்பியாவது அம்மா ஆறியிருந்தாள். வழி இருந்தது, காட்டத்தான் ஆளில்லை என்பதை இனிமேல் எதைக்கொண்டு ஆற்றுவாள். அதிலிருந்து ஜெனிட்டாவுக்கு ஒரு பயம். இன்றைக்கும் சாமி முடியாது என்று சொல்லி, அம்மா வழக்கம் போல, சரி சாமி, தோத்திரம் சாமி என்று கும்பிட்டுப் பழத்தையும் கொடுத்துவிட்டு எழுந்தால், அப்புறம் தனக்கு என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியவில்லை, கத்திவிடுவாள், நிச்சயம் கத்திவிடுவாள், தொம்மை மாமா ஓடி வருவார்.

சாமி வந்தார். ரெமிஜியுஸ் சாமிக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும், ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, அடடே மன்னிச்சுக்கோங்க, ஒரு ஃபோன் வந்துட்டு, என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல மாதிரியாக இருந்தார், அதுவே சந்தேகமாக இருந்தது. அம்மா தோத்திரம் சாமி என்றாள், பழத்தைக் கொடுத்தாள், கொடுத்துவிட்டுச் சொன்னாள். மூன்றே நிமிஷம். அலங்காரம் இல்லை, அழுகை இல்லை. குழாயில் தண்ணி இல்ல சாமி, நர்ஸ் வெளிய போயிருந்தாவ, பிள்ளைக்கு உதடு நீலம் பூத்துட்டு, இளநி ஊத்துனேன். ஜெனிட்டா மடித்த தாளை எடுத்து நீட்டினாள். வாயைத் திறக்கவில்லை, தாளை நீட்டுவது பேச்சில் சேராது. சாமி படித்தார். தெரியும்மா இது, என்றார். தெரியுமாம். தெரிஞ்சா ஏன் ஃபாதர் இத்தனை வருஷம் ஒருத்தரும் சொல்லல என்று சத்தியம் அங்கேயே முறிந்தது, அப்போ சட்டம் மாறிட்டுன்னு ஒத்துக்கிடுதீங்க. சாமி சிரித்தார். சட்டம் மாறலம்மா, அதை வாசிக்கிற கண்ணு மாறியிருக்கு, கடவுளோட இரக்கம் எப்பவும் ஒண்ணுதான், நாமதான் மெதுவாப் புரிஞ்சுக்கிடுதோம். கண்ணு தப்பா வாசிச்சதுக்கு எங்கம்மா ஏன் முள்ளுல நிக்கணும் ஃபாதர். ஏட்டி, என்றாள் அம்மா. இருக்கட்டும்மா, பேசட்டும், நான் ஒண்ணும் கோவிக்க மாட்டேன் என்றார் சாமி, அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது, கோபித்தாலாவது எதிரே ஒரு சுவர் இருக்கும், இவர் பஞ்சுமூட்டை, குத்தக் குத்த உள்ளே போகிறது கை.

சாமி யோசித்தார். ஆயர் ரோமாபுரிக்குப் போயிருக்கார், வர மூணு வாரம் ஆகும். கடிதம் போட்டு அனுமதி வாங்கி வர்றதுக்குள்ள இங்க சுவர் எழும்பிரும், கொத்தனாரை நிறுத்துனா கமிட்டிக்காரங்க என் தலையில ஏறுவாங்க, பாத்துக்கோங்க. அதுக்கு ஒரு எளிய வழி இருக்கு. குரலைத் தாழ்த்தினார். இளநியில நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பங்கு தண்ணிதான். நான் பிஎஸ்சி வேதியியல் படிச்சவன். ஞானஸ்நானப் பதிவேட்டுல, அவசர ஞானஸ்நானம், தண்ணீரால், தாயே கொடுத்ததுன்னு நான் எழுதிருதேன். எழுதிட்டா அது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை. ஆயர் அனுமதியே வேண்டாம், ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை கிடக்கிற மண்ணுன்னா கமிட்டியும் ரோட்டுக்கு விடாது. இப்பவே கொத்தனாருக்கு ஃபோன் போட்டு கயிறை எட்டடி தள்ளிக் கட்டச் சொல்லிருவேன், நாளைக்குக் காலையில வந்து மண்ணை மந்திரிச்சும் தந்துருவேன். யாரு வந்து கேக்கப் போறா? தொம்மை, அந்தப் பெரிய பதிவேட்டை எடுத்துட்டு வாங்க.

ஜெனிட்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது என்ன, பாதாளத்துக்குப் போன பிள்ளையை ஒரு பேனா மையில் மேலே தூக்குகிறாரா. சட்டத்தை மாற்று என்று கேட்டால் மாற்ற மாட்டார்களாம், நடந்ததை மாற்றிக்கொள்வார்களாம், சட்டம் பத்திரமாக அங்கேயே இருக்குமாம். அப்பா அன்றைக்குத் தோளை இடித்ததைத்தான் இவர் இன்றைக்குப் படித்த வார்த்தையில் சொல்கிறார். இது அநியாயம், இது ஏமாற்று, அந்த வேதியியல்காரி சொன்ன சௌகரியம் என்பது இதுதான், எழுந்து நின்று சொல்லிவிட வேண்டும், நாக்கு நுனி வரை வந்தது. வந்தது அங்கேயே நின்றது. எட்டடி. இப்பவே ஃபோன். நாளைக்கே மந்திரித்த மண். ரோலர் இல்லை, தார் இல்லை. மூன்று வாரம் கழித்து ஆயர் வந்து, கடிதம் பார்த்து, ஆகட்டும் என்று எழுதும்போது மேலே லாரி ஓடிக்கொண்டிருந்தால் அந்த அனுமதியை எந்த மண்ணில் நட்டு வைப்பது. கோப்பை வாங்கின பேச்சுக்காரிக்கு ஒரு வாதமும் கிடைக்கவில்லை. சட்டம் எக்கேடும் கெடட்டும், நியாயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இவன் உள்ளே வரட்டும். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது, இருந்தும் குனிந்து அம்மாவின் காதருகே சொன்னாள், எம்மா, சரின்னு சொல்லிரும்மா.

தொம்மை மாமா பதிவேட்டைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். சாமி பக்கத்தைத் தடவித் தட்டையாக்கி, பேனாவைத் திறந்து, பிள்ளை பேரு என்ன வச்சீங்க என்று கேட்டார். மரிய சவேரி, என்றாள் அம்மா. சாமி எழுதினார். தேதி கேட்டார், அம்மா தேதி சொன்னாள், நேரமும் சொன்னாள். அடுத்த கட்டத்துக்குப் பேனா நகர்ந்தபோது அம்மா கையை நீட்டிப் பதிவேட்டின் மேல் வைத்தாள். மை காயாத எழுத்துக்குச் சற்றுக் கீழே, தாளில் பட்டும் படாமலும். சாமி நிமிர்ந்து பார்த்தார். என்னம்மா, வேற என்ன எழுதணும்கீங்க என்று கேட்டார். அம்மா கும்பிடவில்லை.

“ஞானஸ்நானம் பெறாத பிள்ளைன்னே எழுதுங்க சாமி. அப்படி எழுதிட்டு உள்ள எடுங்க.”